காலி வீடும் ஒரு பை ஆரஞ்சும்

1

ஞாயிற்றுக்கிழமை தோறும் கோபிசெட்டிபாளையத்திலிருந்து தம்பி குமார் போன் செய்வான். முன்பெல்லாம் அவனுடைய முதல் கேள்வி, "அங்க இப்ப மணி என்னக்கா?" என்பதாக இருக்கும். இருபத்திரண்டு வருடமாகக் கேட்டும் அந்தக் கணக்கு அவனுக்குப் பிடிபடவில்லை. கொஞ்ச காலமாகக் கேள்வி மாறிவிட்டது. இப்போது எடுத்தவுடன், "அக்கா, அங்க உங்களை யாரும் ஒண்ணும் சொல்லலயே?" என்கிறான்.

அவன் செல்போனுக்கு வருகிற வீடியோக்கள் எனக்கும் வருகின்றன. ஏதோ ஒரு கடை வாசலில் ஒருவன் இந்தியப் பெண் ஒருத்தியைப் பார்த்து உன் நாட்டுக்குப் போ என்று கத்துகிறான். இன்னொருவன் கேமராவைப் பார்த்துக்கொண்டு, எங்களைப் போன்றவர்கள் அவர்களுடைய பிள்ளைகளின் வேலையைத் திருடிவிட்டதாக விளக்குகிறான். நான் கடைசிவரை பார்த்துவிட்டு எழுந்துபோய் அரிசி களைகிறேன்.

"எங்களை யாரும் ஒண்ணும் சொல்லலடா. எங்க ஏரியால அதெல்லாம் இல்ல" என்பதுதான் குமாருக்கு நான் வழக்கமாகச் சொல்லும் பதில். அது எந்த அளவுக்கு உண்மை என்று எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றியது. நவம்பர் கடைசியில் வந்த தேங்க்ஸ்கிவிங் விடுமுறையில் எங்கள் பழைய வீட்டில் நடந்த ஒரு விஷயமும் இதில் வரும். அதை அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

2

நாங்கள் இருப்பது டெக்சாஸில், ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டில். என் கணவர் செந்தில் எண்ணெய்க் கம்பெனி ஒன்றில் இன்ஜினியர். நான் ஆஸ்பத்திரி ஒன்றின் லேபில் ரத்தம் எடுக்கிறேன். ஒரே மகள் நிலா இங்கேயே பிறந்தவள், காரில் நாலு மணி நேரத் தூரத்தில் ரிச்சர்ட்சனில் காலேஜ் படிக்கிறாள். நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். பதினைந்து வருடமாகக் குடும்பம் இப்படித்தான் ஓடுகிறது, பெரிய நஷ்டமில்லை.

முகத்துக்கு நேராக யாராவது ஏதாவது சொன்னது இத்தனை வருடத்தில் இரண்டே முறை. பெட்ரோல் பங்கில் ஒரு பிக்கப் டிரக்கிலிருந்து ஒருவன் "கோ பேக் ஹோம்" என்றான். செந்தில், "வீட்டுக்குத்தான் போறேன், பெட்ரோல் போட வேணாமா?" என்று ஆங்கிலத்தில் பதில் சொன்னார். இதை அவர் பார்ட்டிகளில் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். வீடு வந்து சேரும்வரை அவர் பின்னால் வரும் வண்டிகளைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்ததை அவர் சொல்வதில்லை, நானும் எடுத்துக் கொடுப்பதில்லை.

இரண்டாவது என் லேபில். ஒரு முதியவர் கையை நீட்டாமல், இங்கிலீஷ் தெரிந்த யாரையாவது அனுப்பு என்றார். அதுவரை நான் அவரிடம் பேசியது "குட் மார்னிங்" மட்டும்தான். மரியாவை அனுப்பினேன். மரியாவின் ஆங்கிலம் என்னுடையதைவிட மோசம், ஆனால் ஆள் நல்ல வெளுப்பு.

மற்றபடி எல்லாம் மறைவாகத்தான். பழைய வீட்டின் பக்கத்து வீட்டுக்காரர் பில் ஒவ்வொரு தேர்தலுக்கும் புல்வெளியில் போர்டு நட்டு வைப்பார். அந்தப் போர்டில் இருக்கும் ஆள் மேடைக்கு மேடை எங்களைப் போன்றவர்களைப் பற்றி என்ன பேசுகிறார் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் புயலில் எங்கள் வீட்டு ஓக் மரக் கிளை கூரைமேல் விழுந்தபோது, கூப்பிடாமலேயே இயந்திர ரம்பத்தோடு வந்து நின்றவரும் பில்தான். இரண்டும் ஒரே தலைக்குள் எப்படிக் குடித்தனம் நடத்துகின்றன என்று எனக்குத் தெரியவில்லை. பில்லுக்கும் தெரிந்திருக்காது.

நம் ஆட்களின் அரசியல் பாட்லக் விருந்துகளில் நடக்கும். ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவருவோம், பெண்கள் சமையலறையில், ஆண்கள் டிவி முன்னால். "நாம லைன்ல நின்னு வந்தோம், கிரீன் கார்டுக்கு பன்னெண்டு வருஷம் வெயிட் பண்ணோம். அவங்க பார்டர்ல வேலி தாண்டி வந்தவங்க. பிடிச்சா அவங்களைத்தான் பிடிப்பாங்க, நம்மள எதுக்குப் பிடிக்கிறாங்க?" என்று யாராவது ஒரு அங்கிள் ஆரம்பிப்பார். செந்தில் தலையாட்டுவார். ஆனால் சில மாதங்களாக எங்கள் கார் டாஷ்போர்டு அறையில் எங்கள் இருவரின் அமெரிக்க பாஸ்போர்ட் காப்பியும் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது. யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை.

3

எங்கள் வீட்டில் ஒரு பெப்பர்மின்ட் கதை உண்டு.

வந்த புதிதில் அபார்ட்மென்ட் தேடிக்கொண்டிருந்தோம். ஒரு இடத்தில் போனில் விசாரித்தபோது காலி இருக்கிறது, வாருங்கள் என்றார்கள். அரைமணி நேரத்தில் போய் நின்றோம். நான் புடவை, நெற்றியில் பொட்டு. ஆபீஸில் இருந்த பெண்மணி எங்களைப் பார்த்து அழகாகச் சிரித்தார். "அடடா, இப்போதுதான் போனது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை" என்றார். மேஜையில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் நிறைய சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட பெப்பர்மின்ட் மிட்டாய். அதில் இரண்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து மூடிவிட்டார்.

சாயங்காலம் செந்திலின் ஆபீஸில் வேலை பார்த்த ஜான், விஷயத்தைக் கேட்டுவிட்டு அதே நம்பருக்குப் போன் செய்தார். அவர் இங்கேயே பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரர், குரலிலேயே அது தெரியும். வீடு காலியாகத்தான் இருக்கிறது, நாளைக்கே வந்து பார்க்கலாம் என்றார்கள்.

எனக்கு அழுகை வந்ததுதான். ஆனால் அதைவிட ஆறாமல் இருந்தது வேறொன்று. அந்தம்மாவிடம் நான் இரண்டு முறை தேங்க் யூ சொல்லிவிட்டு வந்திருந்தேன். மிட்டாயைத் தின்னவும் மனம் வரவில்லை, தின்பண்டத்தைத் தூக்கி எறியவும் மனம் வரவில்லை. ஹேண்ட்பேக்கிலேயே கிடந்து, ஹூஸ்டன் வெயிலில் உருகி, துணியோடு ஒட்டிப் போனது.

இந்தக் கதையை நிலாவுக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. அவள் ஸ்கூலில் கட்டுரையாகக்கூட எழுதினாள். டீச்சர் எனக்கு ஒரு குறிப்பு எழுதி அனுப்பினார், உங்கள் தைரியத்துக்கு வணக்கம் என்று. அதில் நான் காட்டிய தைரியம் எது என்று எனக்கே விளங்கவில்லை. இருந்தாலும் அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

4

இந்த வருடம் புது வீட்டுக்குக் குடிபோனோம். பழைய வீட்டை வாடகைக்கு விடலாம், ஏஜென்ட் எதற்கு என்று செந்தில் தமிழ் வாட்ஸ்அப் குரூப்பில் தானே ஒரு விளம்பரம் போட்டார். மூன்று பெட்ரூம், நல்ல ஸ்கூல், கடைசி வரியில் "வெஜிடேரியன் ஃபேமிலி பிரிஃபர்டு". அவர் அதை டைப் செய்தபோது அடுப்பில் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கோழிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

நிலா அதை எட்டிப் பார்த்துவிட்டு, "அப்படியென்றால் நம் வீடு நமக்கே கிடைக்காதே" என்றாள். அவள் பேசியதெல்லாம் ஆங்கிலத்தில், நான்தான் தமிழாக்கி எழுதுகிறேன்.

"எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க" என்றார் செந்தில்.

எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்கள், உண்மைதான். சாப்பாட்டைப் பற்றி எவரும் பிறகு விசாரிப்பதில்லை. எப்படிப்பட்டவர் வரவேண்டும், எப்படிப்பட்டவர் வரவேண்டாம் என்பதை யார் மனமும் நோகாமல் சொல்ல அது ஒரு வழி. அந்த வழியில் நானும் போனவள்தான். கல்யாணத்துக்கு முன் சென்னையில் வேலை பார்த்தபோது, மாம்பலத்தில் வீட்டுக்கார அம்மாவிடம் "முட்டைகூடத் தொடமாட்டேன்" என்று சொல்லி ரூம் பிடித்தேன். ஞாயிற்றுக்கிழமை வெளியே பிரியாணி சாப்பிட்டுவிட்டு, வாயில் ஏலக்காய் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறுவேன்.

வாட்ஸ்அப்பில் பத்து பேர் விசாரித்தார்கள், ஒருவரும் வந்து பார்க்கவில்லை. தேர்தல் முடிந்து மூன்று வாரமாகியும் பில்லின் போர்டு புல்வெளியில் நின்றது. அதற்குப் பக்கத்தில் எங்கள் புல்வெளியில் நாங்களும் "வாடகைக்கு" என்று ஒரு போர்டை நட்டோம்.

தேங்க்ஸ்கிவிங்குக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை, மூன்று பேருமாகப் பழைய வீட்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்தோம். ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவர் ஒரு கறுப்பினப் பெண், ஆஸ்பத்திரி உடுப்பில், நாற்பது வயதிருக்கும். பெயர் டெனீஸ் என்றார். மூச்சுச் சிகிச்சைப் பிரிவில் வேலை, ஷிப்ட் முடிந்து போகிற வழியில் போர்டைப் பார்த்தாராம். பார்க்கலாமா என்றார்.

வாசலில் எங்கள் செருப்புகள் கிடந்ததைப் பார்த்து, சொல்லாமலேயே ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். நம்மவர்களிலேயே சிலர் ஷூவோடு சமையலறைவரை நடப்பார்கள். குழாயைத் திறந்து தண்ணீர் வேகம் பார்த்தார். ஸ்கூல் பஸ் எந்த முனையில் நிற்கும் என்று கேட்டார். பத்து வயதிலும் ஏழு வயதிலும் இரண்டு பையன்களாம். கையில் ஒரு ஃபைல் வைத்திருந்தார். சம்பளச் சீட்டு, முன்பிருந்த வீட்டுக்காரரின் கடிதம், எல்லாம் வரிசையாக இருந்தன. கேட்பதற்கு முன்பே காட்டினார். கேட்பார்கள் என்று தெரிந்தவரின் ஃபைல் அது. எனக்கும் ஒரு காலத்தில் அப்படி ஒரு ஃபைல் இருந்தது.

கொல்லைப்புறத்தில் எங்கள் கமலா ஆரஞ்சு மரம் காய்த்துத் தொங்கியது. "என் பையன்கள் இதை ஒரே வாரத்தில் காலி செய்துவிடுவார்கள்" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

பிறகு அவர், "நான் எப்படி அப்ளை பண்ணுவது?" என்று கேட்டார்.

"அடடா, இப்போதுதான் ஒரு குடும்பத்தார் ஓகே சொன்னார்கள். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை" என்றேன்.

இதை யோசித்து வைத்துக்கொண்டு நான் சொல்லவில்லை. கேட்ட கணத்தில் தயாராக வாயில் இருந்தது. கராஜில் அலமாரியைக் கழற்றிக்கொண்டிருந்த செந்திலின் சுத்தியல் சத்தம் நின்றது. பிறகு மறுபடி தொடங்கியது. டெனீஸின் முகத்தில் மாற்றமில்லை. பழகிய ஆளை வழியில் பார்த்ததுபோல் அந்த வாக்கியத்துக்கு லேசாகத் தலையசைத்தார். ஃபைலை மூடினார்.

வாசற்படியில் உட்கார்ந்து அவர் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தபோது என்னால் சும்மா நிற்க முடியவில்லை. வீடு தேடி வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று சின்ன வயதிலிருந்து பழக்கியிருக்கிறார்கள். கொல்லைக்கு ஓடி, மளிகைப் பை நிறைய ஆரஞ்சு பறித்துக்கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தேன்.

"பசங்களுக்குக் கொடுங்கள்" என்றேன்.

"தேங்க் யூ" என்றார். காரில் ஏறும்போது இன்னொரு முறை சொன்னார்.

5

திரும்பும்போது காரில் நிலா கேட்டாள்: "வேறு யாரும் அப்ளை பண்ணவில்லையே?"

"உனக்குப் புரியாது நிலா" என்றார் செந்தில். "அந்த ஸ்ட்ரீட்ல நம்ம ஆளுங்க நாலு ஃபேமிலி இருக்காங்க. நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நம்மளத்தான் கேப்பாங்க."

"என்ன ஆகும்?"

செந்தில் திருப்பம் வருவதற்கு வெகு முன்பே இண்டிகேட்டரைப் போட்டார்.

நிலா கத்துவாள், காலேஜில் கற்றுக்கொடுக்கும் பெரிய வார்த்தைகளையெல்லாம் எடுத்து வீசுவாள் என்று எதிர்பார்த்தேன். அதற்குச் சொல்ல வேண்டியதைத் தயார் செய்துகொண்டிருந்தேன். அவள் வெகுநேரம் ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டு, என்னிடம் தமிழில் பேசினாள்.

"அம்மா, அந்த ஆரஞ்சும் பெப்பர்மின்ட்தான்."

வருடத்தில் அவளிடமிருந்து ஒரு முழுத் தமிழ் வாக்கியம் வருவது அபூர்வம். இந்த வருடத்துக்கானது அது.

மறுநாள் காலையிலேயே அவள் ரிச்சர்ட்சனுக்குக் கிளம்பிவிட்டாள். ஞாயிறு மாலை போவதாக இருந்தவள். பரீட்சை இருக்கிறது என்றாள். பொங்கலுக்கு வருவாயா என்று கேட்டேன், பார்க்கலாம் என்றாள். காருக்குள் சாம்பார்ப் பொடியும் ஊறுகாயும் வைத்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை, எடுத்துப் பார்க்கவும் இல்லை.

அவள் போன பிறகு எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது, பாசத்தால் அல்ல. கோபியில் எங்களுக்கு வரிசையாக நாலு வீடு இருந்தது. யாராவது வாடகைக்குக் கேட்டு வந்தால் அப்பா மிக மரியாதையாக, "ஏனுங்க, உங்களுக்குச் சொந்த ஊரு எதுங்க? ஊர்ல எந்த வீதிங்க?" என்று கேட்பார். வீதியின் பெயர் போதும், சாதியைத் தனியாகக் கேட்க வேண்டியதில்லை. சிலருக்கு, "இப்பத்தான் ஒருத்தரு அட்வான்ஸ் குடுத்துட்டுப் போறாருங்க" என்று வருத்தத்தோடு சொல்வார். அம்மா அவர்களுக்கு மோர் கொடுத்துத்தான் அனுப்புவாள். யாரையும் வெறும் வயிற்றோடு அனுப்பியதில்லை என்று எங்கள் வீட்டுக்கு ஊரில் நல்ல பெயர். அந்த மோரை எந்த டம்ளரில் கொடுத்தாள் என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

என் லேபுக்கு வந்த கிழவருக்கு என் நிறத்தைப் பார்த்து வந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் நான் மணிக்கணக்கில் பேசுவேன். டெனீஸைப் பார்த்ததும் என் வாயில் வந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அதற்கு இந்த நாட்டைக் குறை சொல்ல முடியவில்லை. வரும்போதே பெட்டியில் கொண்டு வந்திருக்கிறேன்.

6

ஞாயிறு மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது செந்திலின் போன் அடித்தது. எச்சில் கையாக இருந்ததால் இடது கையால் ஸ்பீக்கரில் போட்டார். ஓர் ஆண் குரல், இங்கேயே பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரரின் குரல். போர்டைப் பார்த்தேன், வீடு இன்னும் காலியாக இருக்கிறதா என்றது.

"எஸ், எஸ், காலியாகத்தான் இருக்கிறது. இன்றைக்கேகூட வந்து பார்க்கலாம்" என்றார் செந்தில்.

அந்த ஆள் நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டார். எப்போது வருகிறேன் என்று சொல்லவில்லை, எத்தனை பெட்ரூம் என்றும் கேட்கவில்லை.

அவர் உண்மையிலேயே வீடு தேடுகிறவராகவும் இருக்கலாம், நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் போனை எனக்குத் தெரியும். ஜான் எங்களுக்காகச் செய்த போன் அது. அன்று மறுமுனையில் எடுத்தவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று இத்தனை வருடத்தில் ஒரு முறைகூட நான் யோசித்ததில்லை. இப்போது தெரிகிறது. எங்களைப் போலவே நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்திருப்பார்.

"என்னங்க, நான் அந்தம்மாவுக்குப் போன் பண்றேன்" என்றேன்.

செந்தில் நிமிர்ந்து பார்த்தார். "பண்ணி என்ன சொல்லுவ? பொய் சொன்னேன்னா? இந்த ஊர்ல இதுக்கெல்லாம் கேஸ் போடலாம் மீனா, தெரியுமில்ல?"

"தெரியும்."

பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "அந்த ஃபேமிலி வேணாம்னுட்டாங்க, வீடு ஃப்ரீயாயிடுச்சுன்னு சொல்லிடு. அவங்களுக்கும் வீடு கிடைச்ச மாதிரி ஆச்சு."

நல்ல யோசனைதான். அவர் மனம் இறங்கிவிட்டார் என்பதற்கும் அதுவே அத்தாட்சி. எனக்கும் அப்படிச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தது. டெனீஸ் அன்று போவதற்கு முன் தன் நம்பரை என்னிடம் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார், அவர்கள் மனம் மாறினால் கூப்பிடுங்கள் என்று. சீட்டை எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போனேன்.

இரண்டாவது மணியில் எடுத்தார். பின்னால் பையன்கள் சண்டை போடும் சத்தம் கேட்டது. நான் யாரென்று சொன்னேன். வீடு காலியாக இருக்கிறது, உங்களுக்கு இன்னும் விருப்பமிருந்தால் நாளைக்கே பேப்பரில் கையெழுத்துப் போடலாம் என்றேன்.

அவர் ஏதோ ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியிருக்க வேண்டும். பையன்களின் சத்தம் நின்றது.

"வெள்ளிக்கிழமையும் காலியாகத்தான் இருந்ததா?" என்று கேட்டார்.

குரலில் கோபமில்லை. செந்தில் சொல்லிக் கொடுத்தது நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் எனக்கு நல்ல பெயர், பொங்கலுக்கு நிலா. சொல்லாவிட்டால் ஒரு கேஸ்கூட வரலாம். இவ்வளவும் ஒரு மூச்சு நேரத்தில் என் தலைக்குள் ஓடியது. எல்லாவற்றிலும் நான்தான் இருந்தேன், அவர் இல்லை.

"ஆமாம். வேறு யாரும் இல்லை. நான் பொய் சொன்னேன். மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றேன்.

ஏன் என்று கேட்பார் என்று நின்றேன். கேட்டால் அழுதிருப்பேன், பெப்பர்மின்ட் கதையையும் சொல்லியிருப்பேன். நல்லவேளை, அவர் கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்ததை நான் எதற்கு விளக்க வேண்டும்.

"சொன்னதற்கு நன்றி" என்றார். "நல்ல வீடு. ஆனால் என் பையன்கள் இன்னும் சின்னவர்கள். அங்கே வேண்டாம்."

சரி என்றேன். போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன், வைக்கவில்லை.

"ஆரஞ்சைப் பையன்கள் சாப்பிட்டுவிட்டார்கள், நல்ல இனிப்பாம்" என்றார். "நான் சாப்பிடவில்லை."